ஃபின்லாந்தின் மட்கலக் கலையும் ‘எளிமை’ என்னும் சொல்லும்: ஒரு வரலாற்று நோக்கு

0. முன்னுரை

ஃபின்லாந்தின் மட்கலக் கலையைப் பற்றி எழுந்துள்ள நூல்களும் கண்காட்சிக் கையேடுகளும் பெரும்பாலும் ஒரே விளக்கத்தைத் திரும்பத் திரும்பக் கூறுகின்றன. பனி, ஏரி, காடு, நீண்ட இருள் ஆகியவற்றின் நடுவே வாழும் மக்கள் இயல்பாகவே எளிமையை விரும்புவர். அவ்வெளிமையே அவர்தம் கலங்களில் வடிவம் பெற்றது என்பதே அவ்விளக்கம். கேட்பதற்கு இனியதாயினும் இக்கூற்று வரலாற்றை மறைத்துவிடுகிறது. ஒரு நாட்டின் இயற்கை பல நூற்றாண்டுகளாகப் பெரிதும் மாறாதிருக்க, அந்நாட்டுக் கலங்களின் வடிவமோ ஓரிரு தலைமுறைகளுக்குள் பலமுறை மாறியுள்ளது. மாறாத ஒன்றைக் கொண்டு மாறுகின்ற ஒன்றை விளக்க இயலாது.

எளிமையைக் குறிக்கும் ஃபின்னியச் சொல் ‘யுக்சின்கெர்தைனென்’ என்பதாகும். ‘ஒரு மடியுடையது’, ‘ஒற்றை அடுக்கினது’ என்பது அதன் சொல்வழிப் பொருள். ‘இரு மடங்கான’ என்பதைக் குறிக்கும் ‘கக்சின்கெர்தைனென்’ என்னும் சொல்லோடு ஒப்பிட இது விளங்கும். அறிவுக் கூர்மையற்றவரைச் சுட்டவும் இச்சொல் ஆளப்படுவதுண்டு. தமிழில் ‘எளிமை’ என்பதோ வேறொரு திசையில் விரிகிறது. எளிதாந்தன்மையோடு வறுமை, தாழ்வு ஆகிய பொருள்களும் அதற்கு உள. ‘எளியவர்’ என்றால் ஏழையரே நினைவுக்கு வருவர். ஃபின்லாந்தின் கலைவரலாற்றைத் தமிழிற் பெயர்க்க முற்படுவோர் இவ்விரு சொற்களையும் நேருக்கு நேர் வைத்துவிட முடியாது. எந்தக் காலத்து எளிமை, எவருடைய எளிமை என்பதை அறிந்த பின்னரே சொல்லைத் தெரிவு செய்தல் வேண்டும். இந்நோக்கில் 19ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி அந்நாட்டு வரலாறும் சமுதாயமும் மட்கலக் கலையை உருவாக்கிய முறையினை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1. நிலமும் தொழிற்சாலையும்

ஃபின்லாந்தின் சிற்றூர்ப்புற வாழ்வில் மட்கலத்தைவிட மரக்கலமே முதன்மை பெற்றிருந்தது. மரத்தைக் குடைந்து செய்த கிண்ணங்களும் பூர்ச்ச மரப்பட்டையில் முடைந்த கொள்கலன்களும் உழவர் வீடுகளில் வழங்கின. பனியூழிக்குப் பின் படிந்த அந்நாட்டுக் களிமண் சுடும்போது சிவப்பது. உயர்ந்த வெப்பத்தைத் தாங்காது உருகிவிடுவது. வெண்பீங்கான் செய்வதற்குரிய வெண்களிமண்ணை வெளிநாடுகளிலிருந்து தருவிக்க வேண்டியிருந்தது. அரசவை ஆதரவில் பீங்கான் ஆலைகள் வளர்ந்த செருமனி, பிரான்சு போன்ற நாடுகளின் மரபும் இங்கு இல்லை. ஏனெனில் அங்கே அரசவையே இல்லை. 1809 வரை சுவீடனின் ஒரு பகுதியாகவும், அதன்பின் 1917 வரை ரஷ்யப் பேரரசின் கீழ்த் தன்னாட்சியுடைய பெருங்கோமகன் நாடாகவும் ஃபின்லாந்து இருந்தது.

அந்நாட்டின் பெயரோடு இன்று பிரிக்க முடியாதவாறு இணைந்துள்ள ‘அராபியா’ பீங்கான் தொழிற்சாலை இச்சூழலில்தான் தோன்றியது. சுவீடனின் பழைய பீங்கான் நிறுவனமான ரோர்ஸ்ட்ராண்ட் 1873இல் ஹெல்சிங்கியின் புறநகரில் இதனை நிறுவியது. அராபியா என்பது தொழிற்சாலை எழுவதற்கு முன்பே அந்நிலப்பகுதிக்கு வழங்கிய பெயர். எல்லைக்கு உட்புறமாக ஓர் ஆலை இருப்பின் பரந்த ரஷ்யச் சந்தையை எளிதில் எட்டலாம் என்பதே இதன் நோக்கம். ஆக, சுவீடிய முதல், ரஷ்யச் சந்தை, இறக்குமதி மண் ஆகிய மூன்றும் கூடிய இடத்திலேயே ஃபின்லாந்தின் நவீன மட்கலத் தொழில் தொடங்கியது. தொடக்க காலத்துக் கலங்களின் வடிவமும் சித்திரமும் சுவீடிய மாதிரிகளைப் பின்பற்றியே அமைந்தன.

2. மொழி எழுச்சியும் தேசியக் கலையும்

எலியாஸ் லோன்ரோட் தொகுத்த ‘கலேவலா’ 1835இலும் அதன் விரிவான வடிவம் 1849இலும் வெளிவந்தன. உயர்குடியினரும் கற்றோரும் சுவீடிய மொழி பேச, உழவர் பேசும் மொழியாக ஒதுங்கிக் கிடந்த ஃபின்னியம் அதன்பின் தேசத்தின் மொழியாக எழுந்தது. பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் 1863இல் பிறப்பித்த ஆணை ஆட்சித்துறையில் அதற்கு இடம் வகுத்தது. சொந்த மொழி உண்டெனில் சொந்தக் கலைவடிவமும் வேண்டுமென்ற எண்ணம் இதனைத் தொடர்ந்து வந்தது.

கலைத்தொழிற் கல்விக்கான பள்ளி ஹெல்சிங்கியில் 1871இல் தொடங்கப்பெற்றது. அதனைப் பேணக் கழகம் ஒன்று 1875இல் அமைந்தது. இக்கழகத்தின் பெயரே மொழியியலார் கருதத்தக்கது. சுவீடிய மொழிப் பெயரில் இடம்பெற்ற ‘கொன்ஸ்ட்ஃப்லீட்’ என்பது கலை, ஊக்கமான உழைப்பு என்னும் இரு சொற்களின் கூட்டு. ஃபின்னியப் பெயரில் அமைந்த ‘தைதேதெயொல்லிசூஸ்’ என்பதோ கலை, தொழில்துறை என்பவற்றின் கூட்டு. ஒரே அமைப்பு ஒரு மொழியில் கைவினைஞரின் விடாமுயற்சியையும், மறுமொழியில் ஆலை உற்பத்தியையும் முன்னிறுத்தியது. கைவினையா, தொழிற்சாலையா என்னும் இவ்விரட்டைப் பார்வை அடுத்த நூறாண்டு மட்கல வரலாறு முழுவதும் தொடர்வதைக் காணலாம்.

தேசியக் கலை முயற்சியின் முதற்கனி போர்வோ நகரில் 1897இல் தொடங்கிய ‘ஐரிஸ்’ தொழிலகமாகும். இதனை நிறுவிய லூயி ஸ்பாரே சுவீடியர். மட்கலப் பிரிவை நடத்திய ஆல்பிரட் வில்லியம் ஃபின்ச் ஆங்கிலப் பெற்றோர்க்குப் பெல்சியத்திற் பிறந்த ஓவியர். செம்மண்ணில் வனைந்து, மேலே நிறமண் குழம்பு பூசிக் கீறிய கோலங்களும் அடர்ந்த மெருகும் கொண்ட ஐரிஸ் கலங்களில் பழைய ஃபின்னிய மரபைவிட இங்கிலாந்து, பெல்சிய நாடுகளின் புதிய கலைத்தொழில் இயக்கச் சாயலே மிகுதி. எனினும் காலம் அவற்றுக்குத் தேசியப் பொருளை ஏற்றியது. 1899 பிப்ரவரியில் ரஷ்யப் பேரரசரின் அறிக்கை ஃபின்லாந்தின் தன்னாட்சி உரிமைகளைக் குறுக்கியது. அடுத்த ஆண்டு பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில் ஃபின்லாந்து தனி மண்டபம் அமைத்தது. அம்மண்டபத்தின் விதானத்தில் அக்செலி கல்லேன்-கல்லேலா கலேவலாக் காட்சிகளைத் தீட்டினார். அவர் வடிவமைத்த ‘ஐரிஸ் அறை’யில் ஃபின்ச்சின் கலங்கள் இடம்பெற்றன. தனி அரசு இல்லாத ஒரு நாடு தன்னைத் தனியினமாக உலகிற்குக் காட்டிக்கொள்ளக் கலைப்பொருளைக் கருவியாக்கியது.

ஐரிஸ் தொழிலகம் 1902இல் மூடப்பட்டது. ஆயினும் ஃபின்ச் அவ்வாண்டு முதல் 1930இல் மறையும்வரை ஹெல்சிங்கிக் கலைத்தொழிற் பள்ளியில் மட்கலக் கலையைக் கற்பித்தார். கலத்தின் உருவமும் மெருகுமே முதன்மையானவை. ஒட்டிவைத்த அலங்காரம் தேவையில்லை என்பது அவர் போதித்த நெறி. அவரிடம் பயின்றோருள் பெண்கள் பலர். 1906இலேயே ஐரோப்பாவில் முதன்முதலாகப் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கிய நாட்டில், கலைத்தொழிற் கல்வி அவர்களுக்குத் தற்சார்பான தொழில்வழியாக அமைந்தது. எல்சா எலேனியுஸ், தோய்னி முவோனா முதலியோர் அவ்வழி வந்தவர்கள். 1927இல் அமெரிக்கா சென்று, 1938 முதல் 1966 வரை கிரான்புரூக் கலைக்கழகத்தில் மட்கலக் கலை கற்பித்த மாயா குரோத்தெலும் அவர்தம் மாணவியே.

3. விடுதலையும் கலைப்பிரிவும்

அராபியா ஆலை 1916இல் ஃபின்லாந்தினரின் உடைமையானது. 1917 திசம்பர் 6ஆம் நாள் நாடு விடுதலை அறிவித்தது. மறு ஆண்டே செம்படையினர், வெண்படையினர் என மக்கள் இரண்டாகப் பிரிந்து உள்நாட்டுப் போரில் மோதினர். ரஷ்யப் புரட்சியால் கிழக்குச் சந்தையும் அடைபட்டது. ஏற்றுமதிக்கெனப் பிறந்த ஆலை இப்பொழுது உள்நாட்டு வீடுகளையும் மேற்கு நாடுகளையும் நோக்கித் திரும்ப வேண்டியதாயிற்று.

பொருளாதார மந்தம் நிலவிய 1932ஆம் ஆண்டில் கலை இயக்குநராகப் பொறுப்பேற்ற குர்ட் எக்ஹோல்ம் ஆலைக்குள்ளேயே கலைப்பிரிவு ஒன்றை ஏற்படுத்தினார். அதிற் பணியேற்ற கலைஞர்க்குத் தனிக்கூடம், மண், மெருகு, சூளை, ஊதியம் ஆகியன கிடைத்தன. விற்பனைக்குரிய பொருளை வடிவமைக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. ஆலைக்கு இதனால் மதிப்பும் கண்காட்சிப் புகழும் கிட்டின. தனிச் சூளை வைத்து வாழுமளவுக்கு வாங்குவோர் இல்லாத சிறுநாட்டில், கலைஞரைத் தாங்கும் புரவலர் இடத்தைத் தொழிற்சாலையே நிரப்பியது எனலாம்.

இக்கலைப்பிரிவினரின் பிறப்பிடங்களை நோக்கின் ‘ஃபின்னிய இயல்பு’ என்னும் கருத்து மேலும் சிக்கலாகிறது. துளைகளிட்டு அவற்றை ஒளிபுகும் மெருகால் நிரப்பும் ‘அரிசிமணிப் பீங்கா’னைத் தேர்ச்சியுடன் செய்த ஃபிரீடல் செல்பெரி ஆஸ்திரியாவில் பிறந்தவர். விலங்குருவங்களை வடித்த மைக்கேல் ஷில்கின் புரட்சிக்குப்பின் ரஷ்யாவிலிருந்து வந்தவர். 1942இல் சேர்ந்த ரூட் பிரூக் ஸ்டாக்ஹோமிற் பிறந்தவர், தந்தை ஆஸ்திரியர். எக்ஹோல்மின் வீட்டுமொழி சுவீடியம். ஆயினும் அவர் 1930களில் உருவாக்கிய நீலக்கோட்டு உணவுக்கலங்களுக்கு ‘சினிவல்கோ’, அதாவது ‘நீலவெண்மை’ என்ற ஃபின்னியப் பெயரே வழங்கிற்று. அவை 1918இல் ஏற்கப்பட்ட தேசியக் கொடியின் நிறங்களாகும். இரு மொழிகளையும் தேசிய மொழிகளாக ஏற்ற 1919ஆம் ஆண்டு அரசியலமைப்பின் கீழ், சுவீடியத்திற் சிந்தித்துச் செய்த பொருள் ஃபின்னியப் பெயரோடு கடைக்கு வந்தது.

4. போரும் தட்டுப்பாடும்: கில்தாவின் பிறப்பு

1939 நவம்பர் 30ஆம் நாள் சோவியத் ஒன்றியம் ஃபின்லாந்தைத் தாக்கியது. இடையில் ஏறத்தாழப் பதினைந்து மாத அமைதி நீங்கலாக 1944 வரை போர் நீடித்தது. முடிவில் கரேலியாவின் பெரும்பகுதியும் வீபுரி நகரமும் பறிபோயின. அங்கிருந்து வெளியேறிய 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை எஞ்சிய நாட்டில் குடியமர்த்த வேண்டியிருந்தது. சோவியத் ஒன்றியத்துக்கு 30 கோடி டாலர் மதிப்புள்ள போர் இழப்பீட்டைப் பணமாகவன்றிப் பண்டமாக, கப்பலாகவும் எந்திரமாகவும், செலுத்தும் கடமையும் சேர்ந்தது. 1947இல் அராபியாவை வாங்கிய வார்ட்சிலா நிறுவனம் இழப்பீட்டுக்குரிய கப்பல்களைக் கட்டிய நிறுவனங்களுள் ஒன்று. கடன் தீர்க்கும் கப்பலும் காலைக் காப்பிக்குரிய கோப்பையும் ஒரே உடைமையாளரின் கீழ் உருவாயின.

தட்டுப்பாட்டைக் குறிக்கும் ‘புலா’ என்னும் சொல் இக்காலத்து அன்றாட வழக்கில் நீங்காதிருந்தது. உணவு, துணி, தோல், எரிபொருள் அனைத்தும் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டன. வீடிழந்தோர் ஓரிரு அறைகளில் ஒண்டினர். வீடு கட்ட அரசு கடனளிக்கும் ‘அரவா’ திட்டம் 1949இல் வந்தது. அதன்வழி எழுந்த குடியிருப்புகளில் சமையலறைகள் சிறியவை. பாட்டி வீட்டிலிருந்து வந்த பெரிய கண்ணாடிப் பேழையை வைக்க அங்கு இடமில்லை. இல்லப்பணியை ஆய்ந்த மாயு கெப்ஹார்ட் என்னும் அம்மையார், கழுவு தொட்டிக்கு மேலே கம்பித் தட்டுகளையுடைய கலம் உலர்த்தும் அலமாரியை 1940களில் உருவாக்கினார். கழுவிய தட்டைத் துடைக்காமலே அதில் செருகிவிடலாம். பணிப்பெண் வைத்துக்கொள்ளும் வழக்கம் தேய்ந்து, வீட்டிற்கு வெளியே பெண்கள் வேலை பார்த்த சமுதாயத்தின் தேவையை அவ்வலமாரி காட்டிற்று.

இழந்த வீபுரி நகரிற் பிறந்தவரான காய் ஃபிராங்க் 1945இல் அராபியாவில் சேர்ந்து, நாட்பயன்பாட்டுக் கலங்களின் வடிவமைப்புக்குப் பொறுப்பேற்றார். அவர் முன்னிருந்த சிக்கலை ஃபின்னிய இலக்கணமே விளக்கிவிடும். ‘அஸ்தியா’ என்றால் கலம். ‘-ஸ்தோ’ என்னும் தொகுதிப்பெயர் விகுதி சேர ‘அஸ்தியாஸ்தோ’ என்பது முழுத்தொகுதியைக் குறிக்கும். ‘கிர்யா’ (நூல்) என்பதிலிருந்து ‘கிர்யாஸ்தோ’ (நூலகம்) பிறத்தலும் அவ்வாறே. பன்னிரண்டு பேருக்குரிய தட்டுகள், குழம்புக் கிண்ணங்கள், மூடியிட்ட பெருங்கலங்கள் என ஒரே சித்திரம் தாங்கிய தொகுதியை வைத்திருப்பது நடுத்தரக் குடும்பத்தின் மதிப்பாகக் கருதப்பட்டது. திருமணப் பரிசாகக் கிடைத்து, விருந்துநாளில் மட்டும் வெளியே வந்து, ஒன்று உடைந்தால் முழுமை கெட்டுவிடும் பொருள் அது. ஃபிராங்க் அவ்விகுதியை நீக்கினார் எனலாம். தொகுதியைக் கைவிட்டுத் தனிக்கலத்தை அலகாகக் கொண்டார்.

1953இல் விற்பனைக்கு வந்த ‘கில்தா’ வரிசை இவ்வாறு பிறந்தது. வட்டம், சதுரம், செவ்வகம் ஆகிய அடிப்படை உருவங்கள். சித்திரம் ஏதுமின்றி வெள்ளை, கருப்பு, பச்சை, நீலம், மஞ்சள் ஆகிய நிறங்கள். வேண்டியதை வேண்டியபோது ஒவ்வொன்றாக வாங்கலாம். எந்நிறத்தையும் எந்நிறத்தோடும் சேர்க்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். சமைத்த கலத்தையே மேசைக்குக் கொண்டுவரலாம். மிஞ்சியதை அதிலேயே சேமிக்கலாம். பாலேடு ஊற்றும் குவளை இரட்டைச் சன்னலின் இரு கண்ணாடிகளுக்கு இடையே நிற்குமாறு குறுகலாக அமைந்தது. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில் அவ்விடைவெளியே பாலுக்குரிய குளிர் அறை. நாட்டில் காப்பிப் பங்கீடு முற்றாக நீங்கியது 1954இல்தான் என்பதை நினைவிற்கொண்டால், கில்தாவின் ஒவ்வொரு கோடும் எந்தச் சூழலில் வரையப்பட்டது என்பது தெளிவாகும். அதன் எளிமைக்குச் சிறிய வீடும் மெலிந்த பணப்பையும் கையோய்ந்த இல்லத்தரசியும் காரணங்கள்.

பெயரும் கருதத்தக்கது. ‘கில்தா’ என்பது செருமானிய மொழிகளிலிருந்து ஃபின்னியம் கடன்பெற்ற சொல்; ஒரு தொழிலோர் கூடிய குழாத்தைக் குறிப்பது. ஒருவர் குறைந்தாலும் குழாம் குழாமாகவே நிற்கும். முழுத்தொகுதியோ ஒரு தட்டு குறைந்தால் சிதையும்.

ஃபின்னியத்தில் ‘ஆர்கி’ என்பது வேலைநாளையும், ‘ப்யூஹா’ என்பது திருநாளையும் புனிதத்தையும் குறிப்பன. வீட்டுக் கலங்களிலும் இப்பிரிவு நிலவிற்று. கில்தா ‘ஆர்கி’யின் பக்கம் நின்று, அன்றாட உணவுக்கும் விருந்துக்கும் ஒரே கலம் போதும் என்றது. வகுப்புப் பிளவால் உள்நாட்டுப் போரைக் கண்ட சமுதாயம், போர்க்களத்தில் ஒன்றாக நின்றபின் நிகர்மையை நாடிய காலத்தில் இக்கொள்கை வெளிப்பட்டது என்பதும் எண்ணத்தக்கது.

5. மிலானும் இயற்கை என்னும் கதையும்

கில்தா உருவாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் வேறொரு வகை மட்கலம் உலகப்புகழ் பெற்றது. 1951இல் மிலான் முவ்வாண்டுக் கண்காட்சியில் தாபியோ விர்க்கலா அமைத்த ஃபின்லாந்துப் பகுதி எதிர்பாராத வெற்றி கண்டது. ரூட் பிரூக்கின் மட்பலகைச் சித்திரங்கள் பெரும்பரிசு பெற்றன. பிர்கர் கைப்பியாய்னென் மதிப்புச் சான்று பெற்றார். 1954 முதல் 1957 வரை வட அமெரிக்க நகரங்களில் வலம்வந்த ஸ்காந்திநேவிய வடிவமைப்புக் கண்காட்சி இப்புகழைப் பரப்பிற்று.

இதன் அரசியற் பின்புலம் வெளிப்படை. 1947இல் ஃபின்லாந்து மார்சல் திட்ட உதவியைத் தவிர்த்தது. 1948இல் சோவியத் ஒன்றியத்தோடு நட்புறவு உடன்படிக்கை செய்தது. அரசியலில் மேற்கு அணியோடு வெளிப்படையாகச் சேர இயலாத நாடு, கலைத்தொழில் வாயிலாகத் தன்னை மேற்கத்திய, நோர்டிக் நாடாகக் காட்டிக்கொண்டது. 1900இல் பாரிசில் நடந்ததே வேறு வடிவில் மிலானில் நிகழ்ந்தது. அரசியலைப் பேசாது நாட்டை அடையாளப்படுத்தும் மொழியொன்று தேவைப்பட்டது. பனியும் காடும் அம்மொழியைத் தந்தன. இயற்கை எவரையும் பகைக்காது.

மிலானில் பரிசு பெற்ற தனிப்படைப்புகளை வாங்கியோர் சிலர். கில்தாவில் உணவுண்டோர் பலர். வெளிநாட்டு நூல்கள் இவ்விரண்டையும் ‘வடபுல எளிமை’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் இணைத்தன. வறுமையின் கணக்கிலிருந்து பிறந்த சிக்கனமும், காட்சிக்கூட விளக்கொளியில் மிளிர்ந்த அழகியலும் ஒரு சொல்லுக்குள் அடைபட்டன.

6. மறுப்புகளும் மாற்றங்களும்

இணைப்பின் முரண்பாடு நாட்டுக்குள்ளேயே உணரப்பட்டது. ஆலை தன் விளம்பரங்களில் வடிவமைப்பாளர் பெயர்களைப் புகழ்மிக்கனவாக்கிய 1960களில், ஆயிரக்கணக்கான கைகள் சேர்ந்து செய்யும் நாட்பயன்பாட்டுப் பொருளுக்கு ஒருவர் பெயரைச் சூட்டுதல் தகாது என ஃபிராங்க் வாதிட்டார். நகர்ப்புறங்களுக்கும் சுவீடனுக்கும் மக்கள் பெருவாரியாகப் பெயர்ந்த அப்பத்தாண்டில், வடிவமைப்பு எவருக்காக என்னும் கேள்வி கூர்மை பெற்றது.

எதிர்த்திசையிலிருந்து மறுப்பு ஒன்று கைப்பியாய்னென் வடிவில் வந்தது. பயன்பாட்டு நெறி கோலோச்சிய காலமெங்கும் அவர் மணிகள் கோத்த பறவைகளையும் மலர் செறிந்த பலகைகளையும் படைத்து, 1960இல் மிலான் பெரும்பரிசையும் பெற்றார். பழமும் ஊதா மலரும் தட்டு நிறைய விரியும் அவரது ‘பராதீசி’ (துறக்கம்) வரிசை 1969இல் தோன்றியது. ஃபின்லாந்து மக்கள் மிக விரும்பி வாங்கிய உணவுக்கலங்களுள் அதுவும் ஒன்று. எளிமை அம்மக்களின் பிறவிக்குணம் என்போர் பராதீசியின் வெற்றிக்கு விடை கூறல் வேண்டும். தட்டுப்பாடு நீங்கிய வீட்டில் ‘ப்யூஹா’ மீண்டும் மேசைக்கு வந்தது.

மூன்றாவது வழி கியூல்லிக்கி சால்மென்ஹாராவுடையது. அராபியாவின் கலைப்பிரிவிலிருந்து 1961இல் விலகிய அவர், 1963 முதல் 1981இல் மறையும்வரை ஹெல்சிங்கிக் கலைத்தொழிற் கல்விக்கூடத்தில் கற்பித்தார். உள்நாட்டு மண்ணையும் பாறைப்பொடிகளையும் மாணவர் தாமே ஆய்ந்து கலக்க வேண்டுமென வலியுறுத்திய அவரது மட்கலத் தொழில்நுட்ப நூல் 1974இல் வெளிவந்தது. ஃபின்லாந்தின் மண்ணுக்கும் கலைக்கும் உள்ள உறவு, கதையளவில் நில்லாது வேதியியல் அறிவாக மாறியது இங்கேதான். ஆலையைச் சாராத தனிக்கூடங்கள் 1970களில் பெருக இவ்வறிவு துணைநின்றது.

கில்தாவின் உற்பத்தி 1970களின் நடுவில் நின்றது. அதன் வடிவங்களைத் திருத்தி, உறுதிமிக்க மூலப்பொருளில் ஃபிராங்க் 1981இல் ‘தேமா’வாக மறுபடி தந்தார். ‘கருப்பொருள்’ என்பது அப்பெயரின் பொருள். இழப்பின் நினைவு மங்கிய தலைமுறைக்கு அதே வட்டமும் சதுரமும் சிக்கனமாகத் தோன்றவில்லை. தேர்ந்த சுவையின் அடையாளமாகவே தோன்றின. 1995இல் ஃபின்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்தது. 2007இல் அராபியா ஃபிஸ்கார்ஸ் நிறுவனத்தின் உடைமையானது. 2016இல் ஹெல்சிங்கி ஆலையில் உற்பத்தி நிறுத்தப்பட்டுத் தாய்லாந்து, ருமேனியா ஆகிய நாடுகளுக்கு மாற்றப்பட்டது. 143 ஆண்டுகளுக்கு முன் அயல்நாட்டு நிறுவனமொன்று சந்தையைத் தேடி ஹெல்சிங்கிக்கு வந்தது. இப்பொழுது உற்பத்தி அதேபோல் எல்லை கடந்து சென்றது. அடிமண் மாறியும் அடையாளம் மாறாதிருத்தல், அவ்வடையாளம் தொடக்கத்திலிருந்தே மண்ணைச் சார்ந்ததன்று என்பதற்குச் சான்றாகிறது.

7. முடிவுரை

ஃபின்லாந்தின் மட்கலக் கலையில் ‘எளிமை’ எனப்படுவது ஒரே பொருளுடையதன்று. ஃபின்ச்சின் வகுப்பறையில் அது மிகை அலங்காரத்தை மறுக்கும் கலைநெறி. கில்தாவில் அது பங்கீட்டு அட்டையும் ஒற்றையறை வாழ்வும் கற்பித்த சிக்கனம். அதனோடு பிணைந்த நிகர்மை அறம். மிலானில் அது பேச இயலாத அரசியலுக்கு மாற்றாக அமைந்த அடையாளம். தேமாவில் அது வசதியுடையோரின் தெரிவு.

ஆகவே, ‘யுக்சின்கெர்தைனென்’ என்னும் ஒரு சொல்லை மொழிபெயர்ப்பவர் இடத்திற்கேற்ப எளிமை, சிக்கனம், ஒருமைப்பாடு, அணியின்மை எனப் பல சொற்களை நாட நேரும். தமிழின் ‘எளிமை’ தன்னுள் வறுமையையும் தாங்கி நிற்பது இங்கே குறையாகாது. கில்தாவைப் பற்றிய பகுதியில் அச்சொல்லே மிகப் பொருந்தும். தேமாவைப் பற்றிய பகுதியில் அதே சொல் உண்மையைத் திரித்துவிடும்.